குடைச் சந்தையில் ஓர் ஆடு

விமானம் ஏறும் முன்பே என் வாய்க்குப் பூட்டுப் போட்டாயிற்று. போட்டவள் என் மகள். ஷாங்காயில் இருந்து தொலைபேசியில் சொன்னாள்: அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு இரண்டு பேரும் வாருங்கள், டிக்கெட் நான் போடுகிறேன், ஆனால் நிற்கிற நாள் முழுவதும் கலியாணம் என்ற பேச்சை எடுக்கக்கூடாது. எடுத்தால் அன்றைக்கே ஹோட்டலில் கொண்டுபோய் விட்டுவிடுவாளாம். இதை அவள் ஜெர்மன் மொழியில் சொன்னாள். தமிழில் கோபித்தால் ஒரு கோழிக்கறியோடு சமாதானம் பண்ணிவிடலாம். ஜெர்மனில் சொன்னால் அது கையெழுத்து வைத்த ஒப்பந்தம்.

இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஈஸ்டர் விடுமுறைக்கு அவள் எர்லாங்கனில் இருந்து, ஜெர்மனியில் நாங்கள் இருக்கிற ஹம்முக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எர்லாங்கனில் ஒரு பெரிய கம்பனியில் அவள் பொறியியலாளர். அவள் வந்த மறுநாள் காலை, சும்மா தேத்தண்ணீர் குடிக்க வாருங்கள் என்று கெல்சென்கிர்ச்சனில் இருந்து ஒரு குடும்பத்தை அழைத்திருந்தேன். மகளிடம் சொல்லவில்லை, சொன்னால் வரவே மாட்டாள். பத்து மணிக்கு எழும்பி, கரடிப் படம் போட்ட பைஜாமாவோடு, பல் விளக்காமல், கோப்பி தேடி அவள் முன்னறைக்குள் வந்தபோது அங்கே மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தாய் தகப்பன், சித்தி, சித்தப்பா, சாத்திரம் தெரிந்த மாமா ஒருவர், நடுவில் தட்டு நிறைய வடை. எல்லோரும் எழுந்து நின்று சிரித்தார்கள். அவளும் நாகரிகமாக ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து, கோப்பியைக் குடித்து முடித்து, அடுத்த ரயிலில் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கம்பனி அவளை ஷாங்காய்க்கு அனுப்பியது. கூட்டம் என்று அடிக்கடி எர்லாங்கன் வரை வருவாள், ஹம்முக்கு வராமலே திரும்பிப் போவாள். கெல்சென்கிர்ச்சன்காரர் அன்றைக்குப் பின்னேரமே தொலைபேசி எடுத்து, பிள்ளைக்கு ஏழில் செவ்வாய், எங்களுக்குச் சரிவராது என்றார்கள். பைஜாமாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பழி முழுவதும் செவ்வாயின் தலையில்.

ஆகவே சீனப் பெருஞ்சுவரைப் பார்ப்பதோ பாண்டாக் கரடியைப் பார்ப்பதோ எனக்கு முக்கியமாக இருக்கவில்லை. பிள்ளை மறுபடி என் வீட்டுப் படி ஏற வேண்டும், அவ்வளவுதான். அதற்காக வாயைக் கட்டுவது என்று முடிவு செய்தேன். ஹம்மில் ஒரு முதியோர் இல்லத்தில் வருடக்கணக்காக வேலை செய்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கத் தெரியாதவர்கள் அந்த வேலையில் ஒரு கிழமை நிற்க முடியாது.

ஆனால் ஒரு சொல்லுக்குப் பூட்டுப் போட்டால் மற்றச் சொற்கள் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு வரும். ஷாங்காயில் கண்ணில் பட்டதை எல்லாம் நான் திட்டித் தீர்த்தேன்.

முதலில் தண்ணீர். செப்டம்பர் வெயில் மண்டையைப் பிளக்கிறது. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் ஒரு பெண் கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள். தேயிலை இல்லை, சீனி இல்லை, வெறும் சுடுதண்ணீர். பஸ்ஸில், பூங்காவில், அலுவலகத்தில் எல்லோர் கையிலும் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல். வயிற்றுவலிக்குச் சுடுதண்ணீர், காய்ச்சலுக்குச் சுடுதண்ணீர். மகளோடு வேலை செய்கிற ஒரு பெண்ணைக் காதலன் விட்டுவிட்டுப் போனபோதும் எல்லோரும் அவளுக்குச் சொன்னது, சுடுதண்ணீர் குடி என்பதுதானாம். என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் இங்கே இப்படித்தான் சொல்வார்கள் என்றாள் மகள். ஜெர்மனியில் தண்ணீர் கேட்டால் நாக்கில் ஊசி குத்துகிற மாதிரிக் காற்றடைத்த தண்ணீரைத் தருவார்கள். உலகத்தில் சாதாரணத் தண்ணீரைச் சாதாரணமாகத் தர யாருக்கும் மனமில்லை.

அடுத்தது வயிறு. வெயில் ஏறினால் இந்த ஊர் ஆண்கள் சட்டையைக் கழற்றுவதில்லை. நெஞ்சு வரை சுருட்டிவிட்டு வயிற்றை மட்டும் காற்றாட விடுகிறார்கள். கடை வாசலில், பஸ் தரிப்பிடத்தில், சதுரங்கப் பலகையைச் சுற்றி, எங்கே பார்த்தாலும் வயிறு. எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஜெர்மன்காரர் கழற்றுவதென்றால் முழுவதையும் கழற்றி மடித்து வைத்துவிட்டு, கண்ணாடி போட்டுப் பத்திரிகை படிப்பார்கள். அதில் ஒரு தீர்மானம் இருக்கிறது. பாதிக் கடை திறந்து பாதிக் கடை பூட்டுவது என்ன பழக்கமோ தெரியவில்லை. மூன்றாம் நாள் திரும்பிப் பார்க்கிறேன், என் மனுசனும் டீ-சேர்ட்டைச் சுருட்டிவிட்டு நிற்கிறார்.

“இஞ்சேருங்கோ, உதை இறக்கிவிடுங்கோ.”

“சும்மா இரும். நல்லாக் காத்து வருது.”

வீதி கடப்பது அதைவிடப் பெரிய கூத்து. ஹம்மில் ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு பக்கமும் ஒரு சைக்கிள்கூட இல்லாத வீதியில், சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு சிலை மாதிரி நிற்பார்கள். ஒருவர் காலை வைத்தால் போதும், குழந்தைகளுக்குக் கூடாத உதாரணம் என்று பின்னால் ஒரு கிழவி கத்துவாள். ஷாங்காயில் விளக்குப் பச்சையாக இருக்கிறது, நாங்கள் நடக்கிறோம், சத்தமே போடாத மின்சார ஸ்கூட்டர்கள் எங்கள் இடுப்பை உரசிக்கொண்டு போகின்றன. ஒரு ஸ்கூட்டரில் கணவன், மனைவி, பிள்ளை, ஒரு பூச்சாடி, அதற்கு மேல் விரித்துக் கட்டிய குடை. திட்டினால் சிரிக்கிறார்கள். திட்டுக்குச் சிரிக்கிற ஊரில் திட்டுவதற்கே அலுப்பாக இருக்கிறது.

பெரிய தளபாடக் கடை ஒன்றுக்கும் மகள் கூட்டிப்போனாள். விற்பனைக்கு வைத்திருந்த கட்டில் ஒவ்வொன்றிலும் ஆள். சப்பாத்தைக் கட்டிலுக்குக் கீழே ஒழுங்காகக் கழற்றி வைத்து, போர்வை போர்த்தி, சிலர் குறட்டையும் விட்டார்கள். கடைக்காரப் பெண்கள் நித்திரை கலையாதபடி அடிமேல் அடி வைத்து நடந்தார்கள். ஹம்மில் மெத்தை வாங்கப் போனால் காலடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, படுக்கச் சொல்லி, முதுகுத்தண்டைப் பற்றிப் பிரசங்கம் பண்ணி, எழும்பும்வரை தலைமாட்டிலேயே நிற்பார்கள். நான் மகளோடு கரண்டி பார்த்துவிட்டு வந்தபோது மனுசனைக் காணவில்லை. குழந்தைகள் பகுதியில் ஒரு டைனோசர் போர்வைக்குள் இருந்து அவருடைய வழுக்கை தெரிந்தது.

“அப்பா, எழும்புங்கோ, போவம்.”

“இன்னும் கொஞ்சம் பிள்ளை. இவை ஒண்டும் சொல்லுகினமில்லை.”

என்னை எல்லோரும் படம் எடுத்தார்கள். சேலை கட்டினால் போதும், பக்கத்தில் வந்து நின்று இரண்டு விரலைக் காட்டிச் சிரித்துப் படம் எடுத்துவிட்டுத்தான் போவார்கள். என் கலியாணத்தில்கூட நான் இவ்வளவு படத்தில் இல்லை. எந்த நாடு என்று கேட்டால் என் மனுசன் நெஞ்சை நிமிர்த்தி ஜெர்மனி என்பார். வாடகைக்கார் ஓட்டி கண்ணாடிக்குள்ளால் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். ஜெர்மனிக்குத் தெரிந்த அதே விசயம் சீனாவுக்கும் தெரிந்திருந்தது. ஒரு கிழவி என் முன்னங்கையைத் தேய்த்துப் பார்த்து இரக்கத்தோடு ஏதோ சொன்னாள். “வெயிலிலை அதிகம் நிக்காதேங்கோ எண்டு சொல்லுறா, அம்மா” என்று மகள் மொழிபெயர்த்தாள். அந்தக் கிழவியைத் திட்டலாம் என்று பார்த்தேன். பிறகு எங்கள் ஆட்கள் மணமகளைத் தேடும்போது முதலில் கேட்கிற கேள்வி ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

வாய் மூடுவதில் மிகக் கஷ்டமான இடம் ஆற்றங்கரைதான். அங்கே ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு மணப்பெண்கள், கலியாணப் படம் எடுக்க வந்து வரிசையில் நின்றார்கள். வெள்ளைக் கவுன், சிவப்புக் கவுன், கவுனுக்குக் கீழே ஓட்டச் சப்பாத்து. மாப்பிள்ளைமார் சோற்றுப் பெட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். மகள் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். நான் பன்னிரண்டு மணப்பெண்களையும் தாண்டி ஆற்றைப் பார்த்தேன்.

“நல்ல காத்து” என்றேன்.

“ஓம்” என்றாள். அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனதைக் கண்டேன். அன்றைக்குச் சாயந்தரம் அவள் தானாகவே என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கலியாணம் என்ற சொல்லை விழுங்கினால் கை கிடைக்கும் என்றால் விழுங்கலாம், விழுங்கிச் செத்துப் போகமாட்டேன் என்று நினைத்தேன்.

ஊருக்குத் திரும்ப இரண்டு நாள் இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரத்தின் நடுவில் இருக்கிற பெரிய பூங்காவுக்குப் போனோம். மரங்களை அறைகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்று மனுசன் ஒரே பிடிவாதம். உண்மையிலேயே அறைகிறார்கள். காலையில் வயதானவர்கள் மரத்துக்கு முன்னால் நின்று இரண்டு கையாலும் அதை அடிக்கிறார்கள். சிலர் முதுகால் இடிக்கிறார்கள். இன்னும் சிலர் பின்பக்கமாகவே நடக்கிறார்கள். எல்லாம் உடம்புக்கு நல்லதாம். என் முதியோர் இல்லத்தில் யாராவது பின்பக்கமாக நடந்தால் அரைமணி நேரத்தில் வைத்தியர் வந்து நிற்பார். மனுசன் உடனே பின்பக்கமாக நடக்கத் தொடங்கினார். அவர் விழாமல் பார்க்க மகள் பின்னால் போனாள். எனக்கு அந்தக் கோலத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. குடை ஒன்று வாங்கலாம் என்று மற்றப் பக்கம் நடந்தேன்.

குடை என்றால் அப்படிக் குடை. பாதை ஓரம் முழுவதும், கண்ணுக்கு எட்டிய தூரம், விரித்த குடைகளைத் தரையில் வைத்து வரிசையாக ஆட்கள் சின்ன முக்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நீலம், சிவப்பு, பூப்போட்டது, கோடு போட்டது. ஒவ்வொன்றிலும் ஒரு தாள் குத்தியிருந்தது. விலை என்று நினைத்தேன். என் வயதுப் பெண் ஒருத்தி, வெயில் தொப்பியும் சுடுதண்ணீர்ப் போத்தலுமாக, நல்லதொரு ஊதாக் குடைக்குப் பின்னால் இருந்தாள். பேரம் பேச வசதியாகக் குந்திக்கொண்டேன்.

மகள் என் கைப்பேசியில் ஒரு செயலி போட்டுத் தந்திருந்தாள். நாங்கள் ஜெர்மனில் கேட்டால் அது சீனத்தில் பேசும், அவர்கள் சீனத்தில் பேசினால் ஜெர்மனில் எழுதிக் காட்டும். தமிழிலும் தரும், ஆனால் அந்தத் தமிழை விளங்கிக்கொள்ள இன்னொரு செயலி வேண்டும். நான் குடையைக் காட்டி, என்ன விலை என்று கேட்டேன். அந்தப் பெண் முகம் மலர்ந்து வேகமாகப் பேசினாள். திரையில் வந்தது: “என் மகன். உயரம் ஒரு மீட்டர் எழுபத்தாறு. சொந்த வீடு. சிகரெட் இல்லை. உங்களிடம் மகள் இருக்கிறாளா?”

நான் திரும்ப ஒருமுறை வாசித்தேன். பிறகு சுற்றிவரப் பார்த்தேன். அவ்வளவு பேரும் தாய் தகப்பன்மார். ஒரு குடைக்கு ஒரு பிள்ளை. மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. பிள்ளைகள் வீட்டில் நித்திரை கொள்ள, பெற்றவர்கள் வெயிலில் இருந்து வியாபாரம் பேசுகிறார்கள். வெட்கமில்லையா என்று ஒரு கணம் கோபம் வந்தது. அடுத்த கணம் உடம்பெல்லாம் புல்லரித்தது. இதையேதான் நாங்கள் ஹம் கோவில் வீதியில் செய்கிறோம், அன்னதான வரிசையில் செய்கிறோம், மற்றவர்களுடைய கலியாண மண்டபத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு செய்கிறோம். எங்களிடம் குடை இல்லை, அதுதான் வித்தியாசம். நான் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் மகள் இருக்கிறாளா என்று கேட்டால் இல்லை என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்? தலையை ஆட்டினேன்.

“அம்மா!”

மகள் பின்னால் நின்றாள். பக்கத்தில் மூச்சிரைக்க அவள் தகப்பன். அவளுக்கு இந்த இடம் என்னவென்று தெரியும் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“நான் குடை வாங்க வந்தனான் பிள்ளை. சத்தியமாக் குடைதான்.”

“குடையோ?”

அதற்கு மேல் அவளைப் பேச அந்தப் பெண் விடவில்லை. சீனம் தெரிந்த வெளிநாட்டுப் பெண் கிடைத்த சந்தோசத்தில் அவளுடைய கையைப் பிடித்து முக்காலியில் இருத்திவிட்டாள். என் மகள் என்னோடு சண்டை பிடிப்பாள், ஆனால் மற்றவர்களுடைய தாய்மாரோடு அவளுக்கு முறைத்துப் பேச வராது. கேட்கக் கேட்கப் பணிவாகப் பதில் சொன்னாள். நான் இரண்டு வருடமாக வயிற்றுக்குள் வைத்திருந்த கேள்வி ஒவ்வொன்றையும் அந்தப் பெண் ஒரே மூச்சில் கேட்டாள். வயது என்ன, என்ன வேலை, ஏன் இன்னும் முடிக்கவில்லை, யாரையாவது விரும்பி ஏமாந்தாயா, கறி சமைப்பாயா. நான் வாய் திறக்கவில்லை. என் மடியில் கிடந்த செயலியை யாரும் நிறுத்தவில்லை. அது பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது.

யாரிடமும் ஏமாறவில்லையாம். வேலை பிடித்திருக்கிறதாம். கலியாணம் வேண்டும் என்று தோன்றவில்லையாம், தோன்றினால் பார்க்கலாமாம். அப்போது அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, இவ்வளவு தூரத்தில் தனிமையாக இல்லையா என்று கேட்டாள். மகள் பதில் சொன்னாள். திரையில் இரண்டு வரி வந்தது: “இங்கே எனக்குத் தனிமை இல்லை. அம்மா வீட்டுக்குப் போனால்தான் தனிமையாக இருக்கிறது.”

வேறு எதையும் எப்படி எப்படியோ நக்கலடித்து விடலாம். இதை முடியவில்லை. ஒரு வீடு நிறைய வடையும் ஆட்களும் வைத்து நான் அவளைத் தனியாக்கிவிட்டேன் என்று சீனப் பெண்ணுக்குச் சொல்கிறாள், எனக்குச் சொல்லவில்லை. கைப்பேசியைக் குப்புற வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து அந்தப் பெண் என் மனுசனைப் பார்த்து, விரலால் தாளில் எழுதிக் காட்டி, எந்த வருடம் பிறந்த பிள்ளை என்று கேட்டாள். இதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. அகதி முகாம், வெளிநாட்டவர் அலுவலகம், நகரசபை, வைத்தியசாலை என்று வாழ்நாளில் பாதியைக் கவுண்டருக்கு முன்னால் கழித்தவர். யாராவது பிறந்த திகதி கேட்டால் அவருடைய கை தானாகவே பைக்குள் போகும். போனது. எந்தப் பயணத்திலும் விட்டுப் பிரியாத பிளாஸ்டிக் உறை வெளியே வந்தது. அதற்குள் இருந்து பாஸ்போர்ட்டுகள், காப்புறுதி அட்டை, அவற்றோடு ஒட்டிக்கொண்டு மஞ்சள் பூசிய மூலையோடு மகளின் சாதகக் குறிப்பு. அதையே எடுத்து நீட்டினார், அதில்தான் திகதி, நேரம், இடம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதாம்.

அதை நான் அங்கே வைக்கவில்லை. எங்கள் வீட்டில் பாஸ்போர்ட்டும் குறிப்பும் எப்போதும் ஒரே உறைக்குள்தான். பயணத்துக்கு முன் நான் அதை வெளியே எடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான். கிடந்தால் கிடக்கட்டும், சோறா கேட்கப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

குடைக்காரர் எல்லாம் எழும்பி வந்து சுற்றி நின்றார்கள். பன்னிரண்டு கட்டத்தைக் கண்டதும் அது என்ன என்று ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கிழவர் பூதக்கண்ணாடி எடுத்துச் செவ்வாய் இருந்த வீட்டை நெடுநேரம் பார்த்துத் தலையாட்டினார். கெல்சென்கிர்ச்சன் மாமாவின் அதே தலையாட்டு. மகள் மட்டும் குறிப்பைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“இதையும் கொண்டுவந்திருக்கிறீங்கள்” என்றாள். தமிழில்தான் தொடங்கினாள். “நான் உங்களை நம்பினனான்” என்பதை ஜெர்மனில் சொன்னாள்.

போச்சு. பத்து நாள் விழுங்கியது எல்லாம் வீண். பிள்ளை எழும்பி நின்றாள், பையைத் தோளில் போட்டாள். ஹம் முன்னறையில் கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினாளே, அதே எழும்பல்.

அந்தப் பெண்ணோ இது ஒன்றும் தெரியாமல் விரல் விட்டு வருடத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். சீனாவில் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மிருகத்தின் பெயர், சாதகப் பொருத்தமும் அதை வைத்துத்தான். திடீரென்று நாக்கைத் தட்டினாள். முகம் சுருங்கியது. குறிப்பை இரண்டு விரலால் பிடித்து என்னிடம் திருப்பித் தந்தாள். நான் கைப்பேசியை நிமிர்த்திப் பார்த்தேன். “ஆட்டு வருடம். ஆட்டு வருடத்துப் பெண்ணுக்கு அதிர்ஷ்டம் இல்லை. என் மகன் எலி வருடம், நாற்பத்தொரு வயது. எலிக்கு ஆடு ஆகாது. மன்னிக்கவும்.”

என் பிள்ளையை ஆடு என்கிறாள்.

செவ்வாய் என்றபோது நான் பேசாமல் இருந்தேன். விதி என்றேன், கோவிலில் விளக்கு ஏற்றினேன், பரிகாரம் கேட்டேன். ஆடு என்று எழுத்தில் பார்த்தபோது என்ன நடந்ததென்று தெரியவில்லை. எழும்பி நின்று, பூங்கா முழுவதும் கேட்க, யாழ்ப்பாணத் தமிழில் தொடங்கினேன்.

“ஆடோ? ஆர் ஆடு? என்ரை பிள்ளையோ ஆடு? நாப்பத்தொரு வயசு எலியை வைச்சுக்கொண்டு உங்களுக்கு உவ்வளவு கதையோ? எலிக்கு வளை பாத்துக் குடுங்கோ! ஆட்டிலை பிறந்தால் என்ன, செவ்வாயிலை பிறந்தால் என்ன? அவள் படிச்சு, உழைச்சு, தன்ரை காலிலை நிக்கிறாள். ஒருத்தரும் வந்து அவளைக் கரையேத்தத் தேவையில்லை. எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம். ஒரு சம்பந்தமும் வேண்டாம்!”

மரத்தை அறைந்துகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மனுசன் டீ-சேர்ட்டை இறக்கி விட்டுக்கொண்டார். அந்தக் கடைசி வசனம் எனக்குள் எங்கே கிடந்தது என்று எனக்கே விளங்கவில்லை. சொன்ன பிறகுதான் அது நான் சொன்னது என்று தெரிந்தது.

அந்தப் பெண் மகளைப் பார்த்து, உன் அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்டிருக்க வேண்டும். மகள் என்னையே பார்த்துக்கொண்டு, சின்னதாக ஒரு வசனம் சொன்னாள். திரையில் வந்தது: “அம்மா மாட்டேன் என்கிறார்.”

அந்தப் பெண்ணுக்கு முகம் கறுக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சுடுதண்ணீர்ப் போத்தலின் மூடியைக் கழற்றி, அதில் ஊற்றி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து அந்த முக்காலியில் குந்துகிறவள் என்பது அவள் குடையின் வெளிறிப்போன பக்கத்தைப் பார்க்கத் தெரிந்தது. அவளுடைய நாற்பத்தொரு வயது எலி வீட்டில் நித்திரை. நான் வாங்கிக் குடித்தேன். நாக்குச் சுட்டது.

பூங்கா வாசலுக்கு வந்தோம். வாசலில் மகள் கையை நீட்டினாள்.

“குறிப்பை எனக்குத் தாங்கோ. இனி நான் வைச்சிருக்கிறன்.”

கொடுத்தேன். நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். மனுசன் பயந்து பயந்து, “பிள்ளை, இப்ப ஹோட்டலுக்கோ?” என்று கேட்டார்.

“வீட்டை போவம்” என்றாள்.

அடுத்த வருடம் எர்லாங்கனுக்குக் கூட்டத்துக்கு வந்தவள், அங்கிருந்து எங்கள் கோவில் தேருக்கு வந்தாள். முதலே சொல்லிவிட்டாள்: பகலுக்கு மட்டும், பின்னேர ரயிலில் திரும்பிவிடுவேன். வீட்டுக்கு வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தேர் இழுக்கிற எங்கள் ஆண்கள் வேட்டியோடு, மேலுக்கு ஒன்றும் இல்லாமல், வீதி முழுக்க வயிறாக நின்றார்கள். என் மனுசன் முன்வரிசையில். சுற்றிவர ஜெர்மன்காரர்கள் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுத்தார்கள், ஒருத்தி என் பக்கத்தில் வந்து நின்று சிரித்து ஒரு படம் எடுத்துக்கொண்டாள். மகள் என்னைப் பார்க்க, நான் இரண்டு விரலைக் காட்டினேன்.

மோர்ப் பந்தலடியில் தெரிந்த அக்கா ஒருத்தி பிடித்துக்கொண்டா. மகளை உச்சியில் இருந்து பாதம் வரை அளந்துவிட்டு, அவள் காதில் விழும்படியே என்னிடம் கேட்டா.

“என்ன, பிள்ளைக்கு இன்னும் ஒண்டும் பாக்கேல்லையோ?”

மகளின் கையில் இருந்த மோர்க் கோப்பை அப்படியே நின்றது. அந்த நிற்றலை நான் கண்டேன்.

“பாத்தனாங்கள் அக்கா” என்றேன். “சீனாவிலை. எலிக்கும் ஆட்டுக்கும் பொருந்தேல்லை, விட்டிட்டம்.”

அக்கா நெஞ்சில் கைவைத்தா. என்ன ஏது என்று என்னிடம் கேட்காமல், பக்கத்துப் பந்தலுக்குச் சொல்லப் போய்விட்டா. தேர் வீதி சுற்றித் திரும்ப இருப்புக்கு வருவதற்குள் நான் சீன மாப்பிள்ளை தேடிய கதை கோவில் வீதி முழுவதும் சுற்றிவிட்டது. மகள் மோர் மூக்கில் ஏறச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

ரயில் நேரம் நெருங்கியது. நான் நேரத்தைப் பற்றிப் பேசாமல் காரை ஸ்டேசன் பக்கம் விடும்படி மனுசனுக்குக் கண்காட்டினேன்.

“அப்பா, காரை வீட்டை விடுங்கோ” என்றாள் பின்னால் இருந்து. “இண்டைக்கு நிக்கிறன்.”

வீட்டுக்குள் வந்து, சப்பாத்தைக் கழற்றி, முன்னறை வாசலில் ஒரு நிமிடம் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. வடையும் இல்லை. வந்து உட்கார்ந்தாள். எனக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. எல்லாம் தொண்டை வரை வந்தன.

“சுடுதண்ணி குடிக்கிறியோ?” என்று கேட்டேன்.

“ஓம் அம்மா” என்றாள்.